யாரு குனிஞ்சு பாக்கப் போறா?

வணக்கம் அண்ணே,

நான் கோயம்புத்தூர்ல இன்டீரியர் டிசைனரா இருக்கேன். இப்ப செட்டிநாட்டுல கானாடுகாத்தான் பக்கத்துல ஒரு பழைய வீட்ட ஹோட்டலா மாத்துற வேலை. வளவுல, அதாவது முற்றத்தச் சுத்தி இருக்குற பகுதில, தரை கொஞ்சம் உடைஞ்சு கிடக்கு, அந்த இடத்துக்கு கையால செய்யிற ஆத்தங்குடிக் கல்லே போடலாம்னு நான் சொல்றேன். ஓனர் என்னன்னா, அதே டிசைன்ல பிரிண்ட் பண்ண விட்ரிஃபைட் டைல்ஸ் (ஃபேக்டரில சுட்டு எடுக்குறது) வருது, போட்டோல ரெண்டும் ஒண்ணுதான், வர்றவன் செல்ஃபி எடுத்துட்டுப் போகப்போறான், யாரு குனிஞ்சு பாக்கப் போறாங்கிறார். வாசல் போர்டு எழுத்துக்கும் இதே பேச்சுதான். கேட்டுக் கேட்டு எனக்கே டவுட் வந்துருச்சு. நான்தான் ஓவரா பண்றேனாண்ணே? (பேர் போட வேண்டாம்.)

தம்பி,

ஓனர் சொல்றதுல பாதி சரி. யாரும் குனிஞ்சு பாக்க மாட்டாங்க. ஆனா நடப்பாங்கல்ல, அதுவும் நம்ம ஊரு வீட்டுக்குள்ள, செருப்ப வெளிய விட்டுட்டு வெறுங்காலோட.

ஆத்தங்குடில ஒரு பட்டறைக்குப் போயி ஒரு பொழுது உக்காந்து பாருங்க. ஒரு கண்ணாடித் துண்ட வச்சு அதுமேல அச்ச வைப்பாங்க, உள்ள கட்டம் கட்டமா தடுத்திருக்கும், ஒவ்வொரு கட்டத்துலயும் கலர் கலந்த சிமெண்ட் கரைசல சின்னக் கரண்டியால ஊத்துவாங்க, ஊத்தி முடிச்சதும் அச்ச நேரா மேல தூக்கணும். அந்தத் தூக்குறதத்தான் நீங்க பாக்கணும். கை லேசா சாஞ்சாலும் சிவப்பு போயி மஞ்சள்ல ஏறிடும். அப்புறம் காஞ்ச சிமெண்டும் மணலும் தூவுவாங்க, அது ஈரத்த இழுத்துக்கும், அதுக்கு மேல சாந்து போட்டு மட்டம் தட்டி, காய விட்டு, தண்ணித் தொட்டில ஊறப் போட்டுருவாங்க. சூளை கீளை எதுவும் கிடையாது. கடைசில கண்ணாடியப் பிரிச்சா அந்த வழவழப்பு அப்படியே கல்லுல வந்து நிக்கும். பாலிஷ் போட்டு வந்த பளபளப்பு இல்ல அது, கண்ணாடி எப்படி இருந்துச்சோ கல்லும் அப்படி. கீறல் இருந்தா கீறலும் வரும், தூசி இருந்தா தூசியும் வரும். அதனால அவங்க கண்ணாடியத் துடைக்கிறதுல காட்டுற கவனம் இருக்கே, உங்க ஓனரோட போட்டோல விழாத வேலை அதுதான்.

கையால ஊத்துறதால ஒரு கல்லு மாதிரி இன்னொரு கல்லு இருக்காது. ஒண்ணுல இதழ் ஓரம் கொஞ்சம் தடிச்சிருக்கும், ஒண்ணுல பச்சை ஒரு நூலளவு வெளிய வந்திருக்கும். பிரிண்ட் டைல்ஸ்காரங்களுக்கும் இது தெரியும், அதனால கையால பண்ணது மாதிரி இருக்கட்டும்னு அவங்களே ஒரு கறை, ஒரு கோணக்கோடு சேத்து வைக்கிறாங்க. ஆனா அச்சடிக்கிறது சில மாதிரிதான், அதையேதான் மாத்தி மாத்திப் போடணும். அந்தக் கறை நாலு அடி தள்ளி அதே மூலைல அதே மாதிரி திரும்ப வந்து நிக்கும், இன்னும் நாலு அடி தள்ளி திரும்பவும் வரும். நடந்து போறவனுக்கு இது என்னன்னு சொல்லத் தெரியாது, ஆனா கண்ணு புடிச்சிரும். வெளிய வந்து "நல்லாத்தான் இருக்கு, ஆனா என்னமோ ஹோட்டல் மாதிரி இருக்கு"ன்னுட்டுப் போவான் (ஹோட்டல்தாங்கிறது வேற விஷயம்).

அதனால உங்க ஓனர் எங்க தப்பு பண்றார்னா, கவனிக்கலைன்னா பாதிக்கலைன்னு நினைச்சுக்கிறார். பேரு சொல்லத் தெரியாததுதான் ரொம்ப பாதிக்கும், ஏன்னா அத வச்சு யாரும் உங்ககிட்ட கம்ப்ளெயிண்ட் பண்ண மாட்டாங்க, அடுத்த தடவ வேற இடத்துக்குப் போயிருவாங்க.

ஆனா உங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். கிச்சன்ல, பாத்ரூம்ல இந்தக் கல்லப் போட்டே ஆகணும்னு நிக்காதீங்க. எலுமிச்சம்பழம் புளி மஞ்சள் எல்லாம் சிமெண்ட் கல்லுல கறையா உக்காந்துரும், அங்க விட்ரிஃபைட்தான் சரி. நுணுக்கம்னு சொல்லிக்கிட்டு எல்லா இடத்துலயும் வேலைப்பாட்ட அள்ளி அப்புறவங்கள நிறைய பாத்துட்டேன், அது வேற வியாதி. செட்டிநாட்டு வீட்டுலயே காட்டுறதுக்கு வச்ச வேலை, கண்ணுக்குத் தெரியாத வேலை ரெண்டும் இருக்கு பாருங்க. நிலைல கஜலட்சுமி, பர்மாத் தேக்குத் தூண், இத்தாலி மார்பிள் இதெல்லாம் பாக்குறதுக்குன்னே வச்சது, பர்மாவுலயும் மலாயாவுலயும் சம்பாதிச்சத ஊரு பாக்கட்டும்னு வச்சது, அதுல ஒளிவு மறைவே இல்ல. அதே வீட்டுல முற்றத்தச் சுத்தி இருக்குற ஓட்டுக்கூரை உள்பக்கம் சாஞ்சு, மழைத்தண்ணிய முற்றத்துல இறக்கும். வறண்ட பூமி, ஒரு சொட்டும் வீணாப் போகக்கூடாது, அதே சமயம் வளவுக்குள்ள தண்ணி ஏறவும் கூடாது. அதுக்கு முற்றத்த எவ்வளவு பள்ளமா வைக்கணும், வாட்டம் எந்தப் பக்கம் போகணும்னு ஒரு கொத்தனார் மண்டைய உடைச்சிருப்பார்ல, அவரு வேலைய யாரும் போட்டோ எடுக்கல. 2014ல செட்டிநாட்டு ஊருங்க யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியல்ல ஏறிருச்சு, இப்பவும் நெட்ல தேடுனா நிலைக்கதவும் தூணும்தான் வருது. உங்க வீட்டுல அந்த வாட்டத்த முதல்ல செக் பண்ணுங்க, ரிப்பேர் பண்றேன்னு சமமா மெழுகி விட்டுறப் போறாங்க.

போர்டு விஷயம் சுருக்கமா. இங்கிலீஷுக்கு வச்ச வரி இடைவெளிய அப்படியே தமிழுக்கும் வச்சா, மேல் வரில இருக்குற 'ழு'வோட வால் கீழ் வரி 'கி'யோட சுழில போயி இடிக்கும். மேலயும் கீழயும் நீட்டுற எழுத்து நம்மகிட்ட ஜாஸ்தி, கொஞ்சம் தாராளமா விடுங்க. அடுத்து புள்ளி. சில ஃபாண்ட்ல புள்ளி ஊசி முனை மாதிரி இருக்கும், கம்ப்யூட்டர்ல தெரியும், கார்ல போறவனுக்குத் தெரியாது, 'முகப்பு' போயி 'முகபபு'ன்னு நிக்கும். பிரிண்ட் எடுத்து ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போயி நின்னு படிச்சுப் பாருங்க.

ஓனர்கிட்ட பேசி ஜெயிக்கிறதெல்லாம் நடக்காது தம்பி. ரெண்டு கல்லையும் பாய் விரிக்கிற அளவுக்குப் பக்கம் பக்கமா பரப்பி வச்சு, அவரையும் வீட்டு ஆளுங்களையும் ஒரு வாரம் அதுமேல நடக்க விடுங்க. அதுக்கப்புறமும் பிரிண்ட்தான் வேணும்னா அவரு காசு, அவரு வீடு.

கல்லுதான்னு முடிவானா உடையிறதுக்கும் சேத்து ஒரே தடவையா ஆர்டர் கொடுத்துருங்க, அடுத்த தடவ கலக்குற சிவப்பு இதே சிவப்பா இருக்காது. பதிச்சு முடிச்சதும் சிமெண்ட் கறைய எடுக்குறேன்னு மேஸ்திரி ஆசிட் பாட்டிலோட வருவார், பக்கத்துலயே நின்னு தடுத்துருங்க. ஊத்திட்டார்னா பளபளப்பு அன்னைக்கே போச்சு.