எறும்புத் தொல்லை: மலையகத்து வீட்டுக்கும் தோட்டத்துக்கும் கேள்வி பதில்

ஹட்டனிலிருந்து ஒரு தங்கச்சி: அண்ணா, மழை தொடங்கினால் போதும், லயத்துக் காம்பராவில் அடுப்படிச் சுவர் நெடுக சின்ன எறும்பு வரிசை கட்டி வருகிறது. ஸ்பிரே அடித்தால் அன்றைக்குச் சாகிறது. இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே இடத்தில் வரிசை. என்னதான் செய்வது?

நீங்கள் கொல்வது தீனி தேடி வெளியே வந்தவற்றை மட்டும்தான் தங்கச்சி. ராணியும் குஞ்சுகளும் புற்றுக்குள் பத்திரமாக இருக்கும். மழையில் புற்றுக்குள் தண்ணீர் இறங்கும்போது காய்ந்த இடம் தேடி உள்ளே வருகின்றன, அதனால் அடித்து மாளாது. மருந்தை அவையே புற்றுக்குத் தூக்கிப் போகும்படி செய்ய வேண்டும்.

பார்மசியில் போரிக் பவுடர் கேளுங்கள். அரை லீற்றர் வெந்நீரில் நாலு மேசைக்கரண்டி சீனியையும், மட்டமாக ஒரு தேக்கரண்டி போரிக் பவுடரையும் நன்றாகக் கரையுங்கள். ஆறியதும் பஞ்சை நனைத்து போத்தல் மூடியில் வைத்து, வரிசை போகிற வழியில் விடுங்கள். முதல் நாள் எறும்பு இன்னும் கூடும். அதைப் பார்த்துப் பயந்து துடைத்துவிடாதீர்கள், ஸ்பிரேயும் அடிக்காதீர்கள். குடித்த எறும்பு திரும்பிப் போய் மற்றவற்றுக்கு வாயோடு வாய் ஊட்டும், ராணிக்கும் அப்படித்தான் போய்ச் சேரும். இதற்கு ஒன்று முதல் மூன்று வாரம் ஆகலாம். கூடப் போட்டால் சீக்கிரம் போகும் என்று பவுடரை அள்ளிக் கொட்டக் கூடாது. கடுமையாக இருந்தால் எறும்பு புற்றுக்குப் போகுமுன் வழியிலேயே செத்துவிடும், ராணி தப்பிவிடும். பஞ்சு காய்ந்தாலோ புளித்தாலோ மாற்றுங்கள்.

சீனித் தண்ணீரைத் திரும்பிப் பார்க்காத எறும்பும் உண்டு. ஒரு பக்கம் சீனியும் மறுபக்கம் நெத்தலித் துண்டும் வைத்துப் பாருங்கள். நெத்தலியை மொய்த்தால் அதே பவுடரைத் துளியளவு எடுத்து, பொடித்த நெத்தலியோடும் தேங்காய் எண்ணெயோடும் பிசைந்து வையுங்கள். எதுவானாலும் பிள்ளைகளுக்கும் நாய் பூனைக்கும் எட்டாத இடத்தில்தான் வைக்க வேண்டும். வரிசை நின்ற பிறகு சுவரைச் சவர்க்காரத் தண்ணீரால் துடையுங்கள். எறும்பு போட்டுவைத்த வாசனைத் தடம் இருக்கும்வரை அடுத்த கூட்டம் அதே வழியில்தான் வரும்.

பண்டாரவளை: சாம்பல், மஞ்சள், சுண்ணாம்பு தூவச் சொல்கிறார்கள். எது நல்லது?

மூன்றும் தடுக்கும், எதுவும் புற்றை அழிக்காது. தூள் காய்ந்திருக்கும்வரைதான் எறும்பு அதைக் கடக்கத் தயங்கும். உங்கள் ஊவாப் பக்கம் ஐப்பசியிலிருந்து தை வரை மழை, ஹட்டன் மஸ்கெலியாப் பக்கம் வைகாசியிலிருந்து புரட்டாதி வரை. அந்த மாதங்களில் வெளியே தூவுவது வீண் வேலை. வீட்டுக்குள் ஜன்னல் ஓரத்துக்கும் மாப்பெட்டியைச் சுற்றியும் சாம்பல் போதும். கடையில் விற்கிற எறும்புச் சோக்கை இதோடு சேர்க்காதீர்கள். அது பூச்சிமருந்து. பார்வைக்குப் பள்ளிக்கூடத்துச் சோக்கு மாதிரியே இருப்பதால் சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் வேண்டவே வேண்டாம்.

பதுளையிலிருந்து ஒரு தம்பி: தேனீப் பெட்டிக்குள் எறும்பு ஏறுகிறது. மருந்து அடிக்கலாமா?

அடித்தால் எறும்புக்கு முன்னால் தேனீதான் சாகும், தம்பி. பெட்டியை நாலு காலுள்ள தாங்கியில் வைத்து, ஒவ்வொரு காலையும் பழைய எண்ணெய் ஊற்றிய தகரப்பேணிக்குள் நிறுத்துங்கள். அல்லது காலில் நாலு விரல் அகலத்துக்குக் கிரீஸ் பூசுங்கள். பேணியில் வெறும் தண்ணீர் வைத்தால் நுளம்பு பெருகும். டெங்குச் சோதனைக்கு பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தால் பதில் சொல்ல வேண்டிவரும்.

பலர் கவனிக்காதது ஒன்று: குனிந்து பெட்டியின் அடியைப் பாருங்கள். ஒரேயொரு புல்லிலை சாய்ந்து தொட்டுக்கொண்டிருந்தாலும் அத்தனை எறும்பும் அந்த இலைவழியே ஏறிவிடும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை புல்லை வெட்டுங்கள். எண்ணெயில் மிதக்கிற சருகையும் எடுங்கள், அதுவும் பாலம்தான்.

வெலிமடை: தோடை மரத்தில் எறும்பு ஏறி இலையெல்லாம் கறுத்துப் போச்சு. எறும்புதான் காரணமா ஐயா?

நேரடிக் காரணம் இல்லை. இலையைத் திருப்பிப் பாருங்கள், அசுவினியோ செதில்பூச்சியோ ஒட்டிக்கொண்டிருக்கும். அவை சாற்றை உறிஞ்சி இனிப்பாகக் கழிக்கும். அந்த இனிப்பில் வளர்கிற பூஞ்சணம்தான் கறுப்பு. எறும்பு அந்த இனிப்புக்காகவே பூச்சிகளுக்குக் காவல் நிற்கிறது, அவற்றைத் தின்ன வருகிற பொறிவண்டையும் விரட்டுகிறது. ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி திரவச் சவர்க்காரம் கலந்து மாலையில் இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். அடிமரத்தில் துணி சுற்றி, துணியின் மேல் கிரீஸ் பூசுங்கள். பட்டையில் நேரே பூசினால் மரத்துக்குக் கேடு. நிலத்தைத் தொடுகிற கிளைகளையும் வெட்டிவிடுங்கள்.

பொகவந்தலாவை: தண்ணீர்ப் பீலிக்கு மேலே மேட்டில் பெரிய புற்று. மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தலாமா?

தயவுசெய்து வேண்டாம். மலையில் மேலே ஊற்றியது கீழே பீலியில்தான் வந்து இறங்கும். அந்தத் தண்ணீரைத்தான் லயத்தில் அத்தனை குடும்பமும் குடிக்கிறது. மண்ணும் பாழாகும், நெருப்புக் காய்ந்த மானாப்புல்லில் பிடித்தால் அணைக்க முடியாது. கொதிநீர் போதும். இரவு குளிர்ந்து காலையில் வெயில் ஏறும்போது குஞ்சுகளைச் சூட்டுக்காகப் புற்றின் மேல்பக்கம் கொண்டுவரும், அந்த நேரத்தில் ஊற்றுங்கள். ஒரு தடவையில் முடியாது, சில நாள் விட்டு மறுபடி ஊற்ற வேண்டிவரும். தேயிலைச் செடியின் வேரடியில் ஊற்றாதீர்கள்.

கண்டி: அப்போ ரசாயன மருந்தே கூடாதா?

அப்படிச் சொல்லமாட்டேன். போரிக் பவுடரும் கொதிநீரும் பலிக்காத இடத்தில், வீட்டுக்குள் பிப்ரோனில் ஜெல்லைச் சுவர் வெடிப்பில் பொட்டுப் பொட்டாக வைப்பது பரவாயில்லை. மருந்து வெளியே பரவாது. வெளியே டெல்டாமெத்ரின், பெர்மெத்ரின் வகைகளை அடிப்பதென்றால் மழை வராத நாளில், கானுக்கும் ஓடைக்கும் தள்ளி அடியுங்கள். இவை மீனுக்குக் கொடிய நஞ்சு, பூனைக்குப் பெர்மெத்ரின் ஆகாது. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிச் சட்டப்படி பதிவான மருந்தைத்தான் விற்கலாம். லேபிள் இல்லாமல் சோடாப் போத்தலில் ஊற்றித் தருவதை வாங்காதீர்கள். வாங்கியதைப் பூட்டி வையுங்கள். சந்தேகமென்றால் விவசாயத் திணைக்களத்தின் 1920க்கு அழைத்துக் கேளுங்கள்.

தலவாக்கலை: தேயிலை வாதுக்குள் கறையான். இதே மருந்து சரிவருமா?

வராது. கறையான் எறும்பே இல்லை. சொல்லப்போனால் எறும்பு கறையானைப் பிடித்துத் தின்னும். தேயிலைக் கறையானுக்கு உங்கள் ஊரிலேயே சென் கூம்ஸில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அங்கே கேட்டுச் செய்யுங்கள்.

மாத்தளையிலிருந்து ஒரு அக்கா: மரத்திலிருந்து விழுந்த எறும்பு கடித்து மகனுக்கு உடம்பெல்லாம் தடித்துவிட்டது. பயப்பட வேண்டுமா?

தலையும் வயிறும் கறுப்பு, நடு உடம்பு செம்மஞ்சள் என்று இருந்ததா, அக்கா? சிங்களத்தில் ஹத்பொலயா என்பார்கள். பட்ட மரத்துப் பொந்தில் இருக்கும். இது கொட்டிச் சிலருக்கு உயிராபத்தான ஒவ்வாமை வந்தது இலங்கையில் பதிவாகியிருக்கிறது. கடித்த இடம் மட்டும் வீங்கினால் குளிர்ந்த துணி வைக்கலாம். மகனுக்கு உடம்பெல்லாம் தடித்திருப்பதால் கட்டாயம் டாக்டரிடம் காட்டி, இனிக் கடித்தால் என்ன செய்வது என்று கேட்டு வையுங்கள். மூச்சு இழுத்தாலோ, முகம் உதடு வீங்கினாலோ, மயக்கம் வந்தாலோ மஞ்சள் பூசிக்கொண்டு நிற்காமல் உடனே 1990 சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிடுங்கள். வீட்டோரம் நிற்கிற பட்ட மரத்தையும் ஆளை வைத்து வெட்டிவிடுங்கள்.