மணல் வாங்குகிறவர்களுக்கு: கோல்ஃப் மைதானக் கேள்வி-பதில்

கேள்வி: பூச்சு வேலைக்கு விற்கும் மணல் மலிவாகக் கிடைக்கிறது. கிரீனில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில் தூவலாமா?

பதில்: கூடாது. சுவரில் சாந்து ஒட்டிப் பிடிக்க உதவும், அந்த மணலில் இருக்கும் நைசுப் பொடிதான் கிரீனில் தண்ணீர் இறங்கும் வழியை அடைக்கும்.

கேள்வி: சப்ளையர் கொடுத்த மாதிரி ஆய்வகத்தில் தேறியது. ஆனால் வந்த லோடு அதைவிட நைசு. நான்கு கிரீன்களில் தூவிய பிறகுதான் தெரிந்தது. இப்போது மழை பெய்தால் தண்ணீர் மேலேயே நிற்கிறது. கேட்டால் "அதே குவாரி மணல்தான்" என்கிறார்.

பதில்: வாங்கும் முன் மாதிரியைச் சோதித்தீர்கள். பெரும்பாலானோர் அதைக்கூடச் செய்வதில்லை. ஏமாற்றப்பட்டது நீங்கள்தான், தயங்காமல் கேளுங்கள். "அதே குவாரி" என்பது ஒரு பதிலே ஆகாது. தோண்டும் படுகை மாறினாலும், சல்லடை கிழிந்தாலும், கழுவும் தண்ணீர் சேறாகிவிட்டாலும் ஒரே குவாரியின் மணல் வேறு மணலாகிவிடும்.

தண்ணீர் நிற்பதற்குக் காரணம் இது. நைசு மணல் மேலேயும் பருமணல் கீழேயும் இருந்தால், மேலடுக்கு முழுதாக நனைந்து ததும்பும் வரை தண்ணீர் கீழே இறங்காது. நைசு துகள்களுக்கு நடுவே இருக்கும் குறுகிய இடுக்குகள் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். வேர் அந்த ஈர அடுக்கிலேயே தங்கிவிடும். துளைக்குழல் போட்டு ஒரு சிறு உருளையாக மண்ணை வெளியே எடுத்துப் பாருங்கள். கத்தியால் கீறியதுபோல ஒரு கோடு தெரியும், கோட்டுக்கு மேலே கருத்து, சில சமயம் நாற்றமும் அடிக்கும்.

சரிசெய்ய வழி, உள்கூடான ஊசிகளால் அந்த அடுக்கைத் தாண்டும் ஆழத்துக்குத் துளையிட்டு, வெளிவந்த மண்ணை அள்ளி அப்புறப்படுத்தி, கிரீன் கட்டும்போது போட்ட அதே வகை மணலால் துளைகளை விளிம்புவரை நிரப்புவது. ஒரு முறை போதாது, பல சுற்று வேண்டும். அதற்கு ஆகும் மணலுக்கும் கூலிக்கும் கணக்கு எழுதி சப்ளையரிடம் கொடுங்கள்.

அடுத்த முறைக்கு: ஒவ்வொரு லோடையும் கொட்டியதும், தூவும் முன்பே மாதிரி எடுங்கள். குவியலின் அடிவாரத்தில் எடுக்காதீர்கள், பெரிய துகள்கள் அங்கேதான் உருண்டு சேரும். சுற்றிப் பத்து இடங்களில் ஒரு அடி ஆழம் தோண்டி எடுத்து, ஒரு பெரிய வாளியில் நன்றாகக் கலந்து, மூன்று பைகளில் தலா 2 கிலோ போடுங்கள். ஒன்று ஆய்வகத்துக்கு, ஒன்று உங்களுக்கு, ஒன்று லாரி ஓட்டுநர் முன்னிலையில் முத்திரையிட்டு சப்ளையர் பெயருக்கு. "தேறிய மாதிரியின் சல்லடை அளவுகளோடு ஒவ்வொரு லோடும் பொருந்த வேண்டும், பொருந்தாவிட்டால் சப்ளையர் செலவில் திரும்பப் போகும்" என்ற வரி ஆர்டரிலேயே இருக்கட்டும்.

கேள்வி: சல்லடை அறிக்கையில் எதைப் பார்ப்பது?

பதில்: அமெரிக்க கோல்ஃப் சங்கமான யு.எஸ்.ஜி.ஏ. 1960-ல் முதலில் வெளியிட்டு, பிறகு திருத்தி வரும் கிரீன் கட்டுமானப் பரிந்துரைதான் பலரும் பின்பற்றும் அளவுகோல். வேர்ப்பகுதிக் கலவையில், அதாவது கிரீனில் வேர் வளரும் மணலடுக்கில், 0.25 முதல் 1 மி.மீ. வரையான துகள்கள் குறைந்தது 60 சதவீதம். 1 மி.மீ.க்கு மேல் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, அதிலும் 2 மி.மீ.க்கு மேற்பட்டது 3 சதவீதத்துக்குள். 0.15 முதல் 0.25 வரை 20 சதவீதத்துக்குள். அதற்கும் நைசான மணல் 5, வண்டல் 5, களிமண் 3, இம்மூன்றும் சேர்ந்து 10 சதவீதத்துக்குள். டாப் டிரெஸ்ஸிங்குக்கு, அதாவது புல்மேல் மெல்லிசாகத் தூவ, வாங்கும்போது இந்த எல்லைக்குள் இருந்தால் மட்டும் போதாது, கீழே ஏற்கனவே இருக்கும் மணலோடும் ஒத்துப்போக வேண்டும். அறிக்கையில் தேதியையும் பாருங்கள். இரண்டு வருடத்துக்கு முந்தைய அறிக்கை இன்று வரும் மணலைப் பற்றி எதுவும் சொல்லாது.

கேள்வி: டன் கணக்கில் வாங்குவதா, கன மீட்டரிலா?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். இரண்டிலும் தண்ணீரை விற்க முடியும், அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எடையில் 8 சதவீதம் ஈரம் என்றால் 20 டன் லோடில் 1.6 டன் தண்ணீர். கன மீட்டரில் வாங்கினால் கதை வேறு. லேசாக ஈரமான மணலில் துகள்களைச் சுற்றி நீர்ப்படலம் நின்று அவற்றை விலக்கி வைக்கும். 5 சதவீத ஈரத்திலேயே மணல் 20 முதல் 30 சதவீதம் வரை உப்பிவிடும். லாரி நிறைந்து தெரியும், கொட்டிக் காய்ந்ததும் குவியல் அமுங்கிப்போகும்.

எடையில் வாங்குங்கள், காய்ந்த எடைக்குப் பணம் கொடுங்கள். அதற்கு ஆய்வகம் தேவையில்லை. லோடின் உள்ளிருந்து 1 கிலோ எடுத்து, வாணலியில் கிளறிக்கொண்டே சூடாக்கி, ஆவி நின்றதும் மறுபடி நிறுங்கள். 930 கிராம் வந்தால் 7 சதவீதம் தண்ணீர். அந்த எண்ணை ரசீதிலேயே எழுதி ஓட்டுநரிடம் கையெழுத்து வாங்குங்கள். அரை மணி நேர வேலை இது. இதைச் செய்யாமல் வருடக்கணக்கில் தண்ணீருக்குப் பணம் கொடுக்கும் கிளப்புகளைப் பார்த்தால் மனசு ஆறவில்லை.

கேள்வி: படத்தில் பார்த்த வெள்ளை மணலை பங்கர் (மைதானத்தில் இருக்கும் மணல் பள்ளம்) முழுவதும் போட்டோம். பந்து விழுந்தால் பாதி புதைந்துவிடுகிறது. ஆட்டக்காரர்கள் திட்டுகிறார்கள்.

பதில்: படத்தைப் பார்த்து மணல் வாங்கலாமா? நிறம் கண்ணுக்கு, வடிவம் பந்துக்கு. உருண்டையான, ஒரே அளவான துகள்கள் கோலிக்குண்டுபோல நழுவி வழிவிடும். கோணலான துகள்கள் ஒன்றையொன்று கவ்விப் பிடித்துப் பந்தைத் தாங்கும். ஆய்வகத்தில் பெனிட்ரோமீட்டர் சோதனை கேளுங்கள், எவ்வளவு அழுத்தத்தை மணல் தாங்கும் என்று அது அளந்து சொல்லும். சதுர சென்டிமீட்டருக்கு 2.4 கிலோவுக்கு மேல் என்றால் புதையும் வாய்ப்பு மிகக் குறைவு, 1.8-க்குக் கீழே என்றால் அதிகம். அதற்கு முன் ஆழத்தையும் அளந்து பாருங்கள். தரையில் 10 முதல் 15 செ.மீ., சரிவில் 5 செ.மீ. போதும். புதிய மணல் படிய சில மாதங்கள் எடுக்கும். நன்றாகத் தண்ணீர் விட்டு அமுக்குங்கள். அப்படியும் புதைந்தால் மணலை மாற்றத்தான் வேண்டும்.

கேள்வி: "கழுவிய மணல்" என்று வாங்கினோம். மழைக்குப் பின் பங்கர் காய்ந்ததும் மேலே ஓடு கட்டுகிறது.

பதில்: கழுவியது போதவில்லை. ஒரு கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மணலும் மீதி தண்ணீரும் ஊற்றிக் குலுக்கி அசையாமல் வையுங்கள். மணல் நொடிகளில் படியும், தண்ணீர் கலங்கியே இருக்கும். மறுநாள் காலை மணலுக்கு மேலே பாலாடைபோல ஒரு சேற்றுப்படலம் இருக்கும். அது தெளிவாகத் தெரியும் தடிமனில் இருந்தால் லோடைத் திருப்பி அனுப்புங்கள். ஏற்கனவே போட்டாயிற்று என்றால், அந்த ஓடு உடையும்படி கிளறிவிட்டுக்கொண்டே இருப்பதுதான் தற்காலிக வழி. மேலே நல்ல மணலைக் கொட்டினால் சேறு அதிலும் ஏறும். கரைச் சரிவிலிருந்து மழைநீர் மண்ணை உள்ளே அடித்து வருகிறதா என்றும் பாருங்கள். அப்படியென்றால் குற்றம் மணலில் இல்லை.

கேள்வி: கடல் மணல் இலவசமாகவே கிடைக்கும் என்கிறார்கள்.

பதில்: உப்பு புல்லைக் கருக்கும், கிளிஞ்சல் துண்டுகள் நாளாக நாளாகப் பொடியாகும். மேலே வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது.

கேள்வி: 500 சதுர மீட்டர் கிரீனுக்கு எவ்வளவு மணல் ஆர்டர் செய்ய வேண்டும்?

பதில்: 1 மி.மீ. கனத்தில் ஒரு முறை தூவ அரை கன மீட்டர், காய்ந்த மணல் என்றால் ஏறக்குறைய 750 முதல் 800 கிலோ. ஏரேஷன் துளைகளை (வேருக்குக் காற்றுப் போக இடும் துளைகள்) நிரப்பத் தனிக் கணக்கு: 12 மி.மீ. விட்டம், 75 மி.மீ. ஆழம், 5 செ.மீ. இடைவெளி என்றால் சதுர மீட்டருக்கு 400 துளைகள், சுமார் 3.4 லிட்டர். மொத்தம் 1.7 கன மீட்டர், 2.6 டன் அளவுக்கு.

கேள்வி: தூவிய பிறகு புல்வெட்டும் இயந்திரத்தின் பிளேடு மழுங்கிவிடுகிறது. மணல் தரமில்லையா?

பதில்: 1 மி.மீ.க்கு மேற்பட்ட துகள்கள் புல்லுக்குள் இறங்காமல் மேலேயே கிடக்கும். விலை குறைவு என்று அப்படிப்பட்ட மணலை நானும் ஒரு முறை வாங்கியிருக்கிறேன். மிச்சமான பணம் சாணை பிடிக்கவே போனது. புல்லும் மணலும் காய்ந்திருக்கும்போது தூவி, பிரஷ் போட்டு இறக்கி, பிறகு தண்ணீர் விட்டு, ஓரிரு நாள் வெட்டாமல் இருங்கள். காய்ந்த மணலைத் தூவுகிறவருக்கு மூக்கையும் வாயையும் இறுக்கமாக மூடும் தூசு முகமூடி கட்டாயம். சிலிக்கா தூசு நுரையீரலில் தங்கினால் திரும்ப எடுக்க வழியில்லை.