சாட்டுச் சொல்லிச் சொல்லியே நினைத்த காரியத்தைத் தள்ளிப்போடும் பழக்கத்தை எப்படி விட்டீர்கள்?

சாக்குப்போக்கை யாழ்ப்பாணத்தில் நாங்கள் சாட்டு என்போம். கூடப் பிறந்தது பஞ்சி, அதாவது சோம்பல். இரண்டிலும் எனக்கு நல்ல அனுபவம்.

2007 யூலைக்குப் பிறகு அரச உத்தியோகத்தில் சேர்ந்தவர்கள் ஐந்து வருடத்துக்குள் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. எனக்கு அது சிங்களம். புத்தகம் வாங்கினேன், கொப்பி வாங்கினேன், கொப்பிக்கு உறையும் போட்டேன். அதோடு சரி.

மாரியில் ஒழுங்கை முழுக்க வெள்ளம், வகுப்புக்குப் போக ஏலாது. ஆவணியில் நல்லூர்த் திருவிழா, 25 நாள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். மிச்ச நேரம் பெற்றோல் வரிசை. இதில் ஒன்றுகூடப் பொய்யில்லை என்பதைக் கவனியுங்கள். பொய்ச் சாட்டு என்றால் இரண்டு நாளில் நமக்கே வெட்கம் வந்துவிடும். உண்மையான சாட்டோடு வருடக்கணக்காகக் குடித்தனம் நடத்தலாம்.

ஒருநாள் கரண்டைத் திட்டிக்கொண்டிருந்தபோது அம்மம்மா கேட்டா: "அப்ப கரண்ட் வந்த நேரம் என்ன தம்பி செய்தனீ?" கிரிக்கெட் பார்த்தேன். அதைச் சொல்லவில்லை.

அன்றிரவே உறை போட்ட கொப்பியை எடுத்து, படிக்காத ஒவ்வொரு நாளுக்கும் காரணத்தை எழுதத் தொடங்கினேன். பக்கத்தில், அப்படியிருந்தும் பத்து நிமிடம் முடிந்திருக்குமா என்று ஒரு வரி. "மழை" என்று எழுதிவிட்டு, "வீட்டுக்குள் பெய்யவில்லை" என்று நானே எழுத வேண்டி வந்தது. ஒரு மாதம் கழித்துப் புரட்டினால் இன்னொன்று தெரிந்தது. எழுத்துப் பழகும் நாட்களில் சாட்டு அவ்வளவாக இல்லை. வாய் திறந்து பேசிப் பழக வேண்டிய நாட்களில்தான் மழை, தலையிடி, விருந்தாளி எல்லாம் வந்திருக்கின்றன. மற்றவர்கள் சிரிப்பார்கள் என்ற பயம்தான்.

1978இல் பெர்க்லாஸ், ஜோன்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மாணவர்களுக்கு விடை காண முடியாத வினாக்களைக் கொடுத்துவிட்டு, நன்றாகச் செய்தீர்கள் என்று சொன்னார்கள். அடுத்த சோதனைக்கு முன், திறமையைக் கூட்டும் மாத்திரை வேண்டுமா, குறைக்கும் மாத்திரை வேண்டுமா என்று கேட்டார்கள். அப்படி ஏதோ அதிர்ஷ்டத்தில் பாராட்டு வாங்கியவர்களில், முக்கியமாக ஆண்களில், பலர் குறைப்பதையே கேட்டார்கள். தோற்றால் மாத்திரையில் பழி போடலாமே! (ஆண்கள் என்ற பகுதியை நான் வீட்டில் சொல்லவில்லை.)

பிறகு செய்தது சின்ன வேலை. கந்தோரில் பத்து மணித் தேத்தண்ணிக்கு, சிங்களம் பேசும் அண்ணர் ஒருவர் வருவார், தமிழும் தெரியும். தினம் அவரிடம் ஐந்து வசனம். முதல் நாள், "மம கெதர யனவா", நான் வீட்டுக்குப் போகிறேன் என்றேன். "ஏன் மல்லி, சுகமில்லையா?" என்று தமிழில் கேட்டார் (மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி). சிரித்தார்தான். ஒன்றும் ஆகவில்லை. நான் போனாலும் நீ போனாலும் அவள் போனாலும் பேச்சுச் சிங்களத்தில் ஒரே "யனவா"தான் என்று அன்றுதான் தெரிந்தது. நம்முடைய போகிறேன், போகிறாய், போகிறாள் தொல்லையெல்லாம் இல்லை. இதற்கா இவ்வளவு காலம் பயந்தேன்?

கரண்ட் போனால் இருட்டில் வசனம் சொல்லிப் பார்ப்பேன், வாய்க்கு வெளிச்சம் தேவையில்லையே. வெள்ளம் என்றால் வகுப்புப் பாடத்தை வீட்டில் சத்தமாக வாசிப்பு. எந்தச் சாட்டுக்கு எந்த வேலை என்று முன்கூட்டியே கொப்பியில் எழுதி வைத்துவிட்டேன், அந்த நேரத்தில் யோசித்தால் பஞ்சிதான் வெல்லும்.

வாய்மொழிப் பரீட்சையில் முதல் தடவை கோட்டை விட்டேன். "கேட்டவர் வேகமாகக் கதைத்தார்" என்று கொப்பியில் இருக்கிறது. இரண்டாம் தடவை சரிவந்தது.

இப்போது அதே கொப்பியில் விடியக்காலை நடைக்கு ஒரு பக்கம் தொடங்கியிருக்கிறேன். முதல் வரி: "நாய்கள்". அதுவும் உண்மைதான், எங்கள் ஒழுங்கையில் ஆறு நிற்கின்றன.