மே மாதம் பிறந்தவர்கள்

வணக்கம் அண்ணா,

கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே ஒரு எல்.பி. ஸ்கூலில் (தொடக்கப்பள்ளி) தமிழ் டிவிஷன் டீச்சராக இருக்கிறேன். நான் படித்ததும் இதே ஸ்கூலில்தான். எங்கள் எச்.எம். (ஹெட்மிஸ்ட்ரஸ்) டீச்சர் வருகிற மே 31-ல் ரிட்டயர் ஆகிறார். ஒற்றப்பாலம் பக்கத்து மலையாளி. பதினெட்டு வருஷத்துக்கு முன் மலையாளம் டிவிஷனுக்கு வந்தபோது அவருக்கு 'வாங்க', 'போங்க' தவிர தமிழ் தெரியாது. ஒன்றாம் கிளாஸ் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து அ, ஆ எழுதிப் பழகினார். இன்றைக்குச் சந்தையில் தக்காளிக்குத் தமிழில் பேரம் பேசுகிறார்.

மார்ச்சில் வார்ஷிகத்தோடு (ஆண்டு விழா) சேர்த்து யாத்ரயயப்பையும் (பிரிவுபசாரம்) வைத்துவிடலாம் என்று பி.டி.ஏ.வில் (பெற்றோர் ஆசிரியர் கழகம்) முடிவு செய்தார்கள். வாழ்த்துமடல் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. பி.டி.ஏ. தலைவர் "நல்ல செந்தமிழ்ல, அடுக்கு மொழியில எழுதுங்க டீச்சர்" என்கிறார். ஸ்டாஃப் ரூமில் "ஏ.ஈ.ஓ. (உதவிக் கல்வி அதிகாரி) வருகிறார், மலையாளத்தில் இருக்கட்டும்" என்கிறார்கள். எச்.எம். டீச்சரிடமே கேட்டால், "எனக்கு ஒன்னும் வேண்டா, முட்டைக்கடை பாக்கியைத் தீர்த்துட்டு நான் போயிக்கிறேன்" என்று சிரிக்கிறார்.

நாலு நாளாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன். 'ஏற்றிவிடும் ஏணியே' என்பதைத் தாண்டி ஒரு வரி வரவில்லை. எதை எழுதுவது, எந்த மொழியில் எழுதுவது?

(பெயர் வேண்டாம் அண்ணா, ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் உங்கள் பக்கத்தைப் படிக்கிறார்கள்.)

*

அன்புள்ள டீச்சர்,

முதலில் அந்த ஏணியை இறக்கி வையுங்கள். நானும் ஒரு தடவை ஏற்றியவன்தான்.

சித்தூர் அரசுக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். ஆந்திரச் சித்தூர் இல்லை, நம் பாலக்காட்டுச் சித்தூர். என்னைச் சேர்த்துக்கொண்ட எல்.பி. ஸ்கூல் ஹெட்மாஸ்டர் ஓய்வு பெற்றார். ஊரில் தமிழ் பி.ஏ. படிக்கிறவன் நான் ஒருவன் என்பதால் மடல் எழுதச் சொன்னார்கள். இருபத்துநான்கு வரி. ஏணி, தோணி, மெழுகுவர்த்தி எல்லாம் வந்தன. 'கலங்கரை விளக்கே' என்றும் விளித்திருந்தேன். நிலக்கடலையும் பனைமரமும் உள்ள கரிசல் காட்டில் வாழ்கிற எங்களில் பாதிப் பேருக்குக் கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது. பாலக்காட்டில் கொடுத்து, கண்ணாடி போட்டு, தங்கநிற விளிம்பு வைத்துக் கொண்டுவந்தார்கள். நான் நடுங்கிக்கொண்டே வாசித்தேன். சார் இரண்டு கையாலும் வாங்கினார். கனம் தாங்காமல் உடனே பக்கத்து நாற்காலியில் வைத்தார்.

ரொம்ப வருஷம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி ஏழெட்டுச் சட்டங்கள் சாய்ந்து நின்றன. பி.டி.ஏ. கொடுத்தது, சங்கம் கொடுத்தது, கூட வேலை பார்த்தவர்கள் கொடுத்தது. நடுவில் என்னுடையது. ஒரு மூலையில் கரையான். சாருக்கு அதில் ஒரு வரியும் நினைவில்லை. என் பெயரே சட்டென்று வரவில்லை. கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு என் அட்மிஷன் நம்பரைச் சொன்னார். சரியாக.

அந்த நம்பர் விழுந்த நாளைப் பற்றி அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஜூன் மாதம், சார் அட்மிஷன் ரெஜிஸ்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, பையன் எப்போது பிறந்தான் என்று கேட்டிருக்கிறார்.

"ஆடி மாசமுங்க. வாய்க்கால்ல புதுத்தண்ணி வந்துச்சுங்களே, அந்த வாரம்."

"கர்க்கடகமோ?"

"அதெல்லாம் தெரியாதுங்க. ஆடி."

சார் விரல் விட்டு எண்ணினார். ஐந்து வயது நிறைய இரண்டு மாதம் போல இடித்தது. திருப்பி அனுப்பினால் இன்னொரு வருஷம் ஆட்டுக்குப் பின்னால்தான். பேனாவைத் திறந்து மே 20 என்று எழுதினார். அன்றிலிருந்து நான் மே மாதம் பிறந்தவன்.

நான் மட்டும் இல்லை. கேரளத்தில் ஒவ்வொரு வருஷமும் மே 31-ல் அரசு ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் ஒரே நாளில் ஓய்வு பெறுவது பேப்பரில் வருகிற செய்தி. மே மாதத்தில் இத்தனை பேர் எப்படிப் பிறந்தார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். 1969-ல் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது என்னவோ உண்மை, திண்ணை வீட்டில் பிறந்த பிள்ளையை யார் போய்ப் பதிவு செய்தார்கள்? பள்ளி திறப்பது ஜூன் முதல் தேதி. அதற்குள் வயது நிறைய வேண்டும். எனவே ஹெட்மாஸ்டர்கள் எழுதிய தேதிகளில் மே மாதம் நிரம்பி வழிந்தது. 2013 ஏப்ரல் 1-க்கு முன் வேலையில் சேர்ந்தவர்களுக்கு 56 வயதில் ஓய்வு. ஐந்து வயதில் எழுதிய அந்த மே, திரும்ப வந்து கதவைத் தட்டும். (எல்லைக்கு அந்தப் பக்கம், கோபாலபுரம் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால், வாத்தியார்களுக்கு 60. நாலு கிலோமீட்டரில் நாலு வருஷம்.) உங்கள் எச்.எம். டீச்சரின் மேயையும் ஒற்றப்பாலம் பக்கத்தில் யாரோ ஒரு மாஷ் (வாத்தியார்) எழுதியிருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

நான் மூன்று வருஷத்துக்கு முன் வேலையிலிருந்து வீட்டுக்கு வந்தேன். அந்த வருஷம்தான் சாரைப் பார்க்கப் போனது. தேதியைச் சொன்னதும் விரல் விட்டு எண்ணினார். அதே விரல்கள். "ஆடின்னு உள்ளபடி எழுதியிருந்தா ஓணம் போனஸ் வாங்கிட்டு வந்திருப்பே, இல்லே?" என்று கேட்டுவிட்டு நிஜமாகவே வருத்தப்பட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சான்றிதழுக்காக அந்த ஸ்கூலுக்குப் போனபோது ரெஜிஸ்டரில் என் வரியைப் பார்த்தேன். தகப்பன் தொழில் என்ற கட்டத்தில் 'கூலி' என்று எழுதி, ஒரு கோடு போட்டு அடித்து, மேலே 'கிருஷி' (விவசாயம்) என்று மலையாளத்தில் திருத்தியிருந்தது. பக்கத்தில் சாரின் சின்னக் கையெழுத்து. மேலும் கீழும் பார்த்தேன், கூலி, கூலி, கூலி என்று பக்கம் முழுக்க. அப்பா அந்த வருஷம் ஒரு ஏக்கர் குத்தகைக்கு எடுத்துக் கடலை போட்டிருந்தார். அதை அம்மா சொல்லியிருக்க வேண்டும். எழுதி முடித்ததை அடித்துத் திருத்துவது ஒரு ஹெட்மாஸ்டருக்கு வேண்டாத வேலை. அவர் செய்தார். அது என் இருபத்துநான்கு வரியில் இல்லை. எழுதியபோது எனக்குத் தெரியவும் தெரியாது. ரெஜிஸ்டரை ஒரு தடவை புரட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

நீங்கள் புரட்டலாம். மே 31 வரை ரெஜிஸ்டர் உங்கள் டீச்சரின் பொறுப்பில்தான் இருக்கிறது, கேட்டால் தருவார். இப்போது எல்லாம் 'சம்பூர்ணா' என்கிற பள்ளிப் பதிவு சாஃப்ட்வேரில் கம்ப்யூட்டரிலும் ஏறிவிடுகிறது, ஆனால் நீங்கள் தேடுவது அதில் இருக்காது. அவர் கையால் எழுதிய பக்கங்களை எடுங்கள். முதலமடை மாங்காய்ச் சீசனுக்கு வந்த குடும்பத்தின் பிள்ளையை நடுவருஷத்தில் சேர்த்திருப்பார், டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) இல்லாமல். ஜூனில் தேதி தள்ளிப்போய்ச் சேர்ந்த பெயர்கள் இருக்கும். அவை எப்படி வந்தன என்று உங்களுக்கே தெரியும். பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளில் பிள்ளைகளின் தலையை எண்ணித்தானே எத்தனை டிவிஷன், எத்தனை டீச்சர் போஸ்ட் என்று முடிவாகிறது. அந்த ஆறு நாளும் எச்.எம். ஆஃபீஸில் இருந்திருக்க மாட்டார். இங்கிலீஷ் மீடியம் வேன் வருவதற்கு முன்னால், காலை ஏழு மணிக்கே, ஏதாவது ஒரு வாசலில் நின்றிருப்பார். உங்கள் தமிழ் டிவிஷன் இன்னும் இருக்கிறதென்றால் ஏதோ ஒரு வருஷம் ஒரு தலையோ இரண்டு தலையோ அப்படித்தான் கூடியிருக்கும். அந்தத் தலைக்குச் சொந்தக்காரர் இன்று எங்கே இருக்கிறார் என்று விசாரியுங்கள். மடலின் முதல் வரி கிடைத்துவிடும். பிறந்த தேதிகளை மட்டும் மேடையில் வாசிக்காதீர்கள். பாதிப் பேர் மாட்டிக்கொள்வார்கள்.

முட்டைக்கடை பாக்கியையும் விட்டுவிடாதீர்கள், அது விளையாட்டுப் பேச்சு இல்லை. 2016-லிருந்து பல வருஷம், 150 பிள்ளைகள் வரை உள்ள ஸ்கூலுக்கு மதியச் சாப்பாட்டுச் செலவு தலைக்கு 8 ரூபாய். அரிசி தனி. காய், பயறு, எண்ணெய், கேஸ், வாரம் ஒரு முட்டை, இரண்டு நாள் பால், எல்லாம் அந்த எட்டுக்குள். அதுவும் தாமதமாக வந்தால் எச்.எம். பெயரில் கடையில் பற்று. 2023-ல் இதற்காக ஆசிரியர்கள் உயர்நீதிமன்றம் வரை போனார்கள். கடைக்காரர் எந்த நம்பிக்கையில் முட்டை கொடுத்தார்? அவரையும் விழாவுக்குக் கூப்பிடுங்கள். சமையல் அக்காவை மேடையில் ஏற்றி இரண்டு நிமிஷம் பேச விடுங்கள். ஏ.ஈ.ஓ. சொல்ல முடியாத கதைகள் அவரிடம் இருக்கும்.

மேடை என்றதும் ஒரு புலம்பல். நம்மூர் வார்ஷிக நோட்டீஸில் ஸ்வாகதம் (வரவேற்புரை), அத்யக்ஷன் (தலைமை), உத்காடனம் (தொடக்கவுரை) முடிந்து 'ஆசம்ச' (வாழ்த்துரை) என்று ஒரு பட்டியல் இருக்கிறதே, பதினெட்டுப் பேர், வார்டு மெம்பரிலிருந்து முன்னாள் வார்டு மெம்பர் வரை. எல்லோரும் பொன்னாடை போர்த்தி, எல்லோரும் 'ரெண்டே வார்த்தை' பேசுவார்கள். கரகத்துக்கும் திருவாதிரைக்களி ஆட்டத்துக்கும் நாலு மணிக்கே மேக்கப் போட்ட பிள்ளைகள் எட்டு மணிக்கு அம்மா மடியில் தூங்கிக்கொண்டிருக்கும். உதட்டுச் சாயம் சேலையில். கடைசியில், மைக்செட்காரர் வயரைச் சுருட்ட ஆரம்பிக்கும்போது, போகிறவரை மறுமொழி பேசக் கூப்பிடுவார்கள். அவர் "நேரமாயிருச்சு, எல்லாருக்கும் நன்றி" என்று சொல்லி உட்கார்வார். எங்கள் சாருக்கு அதுதான் நடந்தது. முப்பது வருஷத்துக்கு ஒரு நிமிஷம். உங்கள் டீச்சரை முதலில் பேச விடுங்கள், தலைவருக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை.

மொழி விஷயத்தில் எனக்கு ரொம்பக் குழப்பம் இல்லை. சமையற்கட்டுத் திண்ணையில் நீங்களும் அவரும் டீ குடிக்கும்போது எதில் பேசுகிறீர்களோ அதில் எழுதுங்கள். தமிழில்தான் பேசிக்கொள்வீர்கள் என்று நினைக்கிறேன், நடுவில் இரண்டு மலையாள வார்த்தை விழும். மடலிலும் விழட்டும். ஏ.ஈ.ஓ.வுக்குப் புரியும், இந்த சப்-டிஸ்ட்ரிக்டில் வேலை பார்க்கிறவருக்குப் புரியாமல் இருக்காது. ஒரு கோரிக்கை மட்டும்: பெஞ்சில் உட்கார்ந்து அவர் அ, ஆ எழுதினார் என்றீர்களே, அன்று அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு இப்போது இருபத்துமூன்று, இருபத்துநாலு வயது இருக்கும். டீச்சரின் முதல் 'ழ'வைத் திருத்தியது யார் என்று கண்டுபிடித்து, மடலை அவரை வாசிக்கச் சொல்லுங்கள். கட்டாயம் ஒருத்தி இருப்பாள். ஒன்றாம் கிளாஸில் அப்படித் திருத்துகிற பெண் இல்லாத வருஷம் கிடையாது.

செந்தமிழ் வேண்டும் என்கிற தலைவருக்கு ஸ்வாகதத்தைக் கொடுத்துவிடுங்கள். அடுக்கிக்கொள்ளட்டும்.

அப்புறம், மார்ச்சில் விழா நடக்கும், ஆனால் அவர் மார்ச்சில் போகப் போவதில்லை. ஏப்ரல், மே லீவு. மே 31-ல் பள்ளியில் ஒரு பிள்ளை இருக்காது. எங்கள் சார் சார்ஜ் கொடுத்த அன்று நான் சைக்கிளில் அந்த வழியாகப் போனேன், அவர் தனியாக ஸ்டாக் ரெஜிஸ்டரோடு அரிசி மூட்டையை எண்ணிக்கொண்டிருந்தார். நின்று பேசத் தோன்றவில்லை. மடல் வாசித்தாகிவிட்டதே என்ற நினைப்பு. சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு, அதுவரை ஆஃபீஸில் கிடந்த அந்தக் கண்ணாடிச் சட்டத்தைப் பேப்பரில் சுற்றிக் கட்டி, மூன்று மணி வெயிலில் பஸ் ஸ்டாப்புக்குத் தூக்கிக்கொண்டு போனார் என்று பிறகு ஒருவர் சொன்னார்.

உங்கள் டீச்சர் அன்று எத்தனை மணிக்குச் சாவி கொடுக்கிறார் என்று இப்போதே கேட்டு வையுங்கள். உங்களிடம் ஸ்கூட்டர் இருக்கிறதா? மடலுக்குக் கண்ணாடி போட வேண்டாம்.

அன்புடன்,
அண்ணா