எரிமலைப் பெட்டியும் செம்பனை வண்டும்

வணக்கம் ஐயா,

நாங்கள் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். மகள் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கிறாள். முன்பெல்லாம் ஓயாமல் கேள்வி கேட்பாள். இப்போது அறிவியல் என்றால் அவளுக்குப் பயிற்சிப் புத்தகம்தான். சோதனைப் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். எரிமலை இரண்டு முறை பொங்கியதோடு அது அலமாரிக்குப் போய்விட்டது. நான் ஐந்தாம் படிவம் வரை படித்தவள், அவள் கேட்பதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மாமியார் ரப்பர், செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்கள் இரண்டிலும் வேலை செய்தவர்; "எனக்கு என்னம்மா அறிவியல் தெரியும்" என்கிறார். டியூஷனில் சேர்க்கலாமா? கோலாலம்பூர் தேசிய அறிவியல் மையத்துக்கு அழைத்துப் போகலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

டியூஷன் வேண்டாம். புள்ளி குறைந்தால் அப்போது பார்க்கலாம். அது வேறு நோய், வேறு மருந்து.

எரிமலைப் பெட்டியின் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் என்ன நடக்கும் என்று அட்டையிலேயே படம் போட்டுவிட்டார்களே, பிள்ளை எத்தனை முறை பார்ப்பாள்? விடை உங்களுக்கும் தெரியாத ஒன்றை அவள் முன்னால் வையுங்கள். அதற்கு ஐந்தாம் படிவம் தாராளம்.

மாமியாரிடமிருந்து தொடங்கலாம். 1981க்கு முன்பே செம்பனையில் வேலை பார்த்தவர் என்றால், பூவுக்கு மகரந்தத் தூளைக் கையால் தூவும் வேலை அவருக்குத் தெரிந்திருக்கும். எதற்காகத் தூவினார்கள் என்று பேத்தி கேட்கட்டும். ஒரே மரத்தில் ஆண் பூவும் வரும், பெண் பூவும் வரும்; ஆனால் வெவ்வேறு காலத்தில். தூள் வேறு மரத்திலிருந்துதான் வர வேண்டும். காற்று கொண்டுசேர்க்கும் என்றே நெடுநாள் நம்பியிருந்தார்கள். கேமரூனிலும் இங்கும் வேலை பார்த்த லெஸ்லி டேவிட்சன் என்ற தோட்ட நிர்வாகிக்கு ஒரு சந்தேகம் வந்தது: அங்கே யாரும் தூவாமலே காய்க்கிறதே, இங்கே மட்டும் ஏன் இந்தப் பாடு? பூச்சியியலாளர் ரஹ்மான் சையத் கேமரூனில் ஆராய்ந்து, அது ஒரு கூன்வண்டின் வேலை என்று கண்டறிந்தார். மரத்தை ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்தவர்கள் வண்டை அங்கேயே விட்டுவிட்டார்கள்! மற்றப் பயிர்களைக் கெடுக்காது என்று சோதித்த பிறகு, 1981இல் ஜொகூரில் அதைத் தோட்டத்தில் விட்டார்கள். கையால் தூவும் வேலை ஒழிந்தது. உங்கள் மாமியாரின் தோட்டத்தில் அது எப்போது நின்றது, நின்றபோது அந்த ஆட்களுக்கு என்ன வேலை கொடுத்தார்கள் என்று எந்தப் புத்தகத்திலும் இருக்காது. அவரிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

பிறகு வண்டு. தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, கைக்கு எட்டும் இளம் மரமாகப் பாருங்கள். மலர்ந்த ஆண் பூவின் அருகில் போனாலே சோம்பு வாசனை அடிக்கும். வண்டுகளை இழுப்பது அதுதான். விரல் விரலாக நீளும் கதிர்களில் கரும்பழுப்பு நிறத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும். 4 மில்லிமீட்டர் இருந்தால் அதிகம், பூதக்கண்ணாடி வேண்டும். கதிரை நீங்களே ஒடியுங்கள். மட்டையில் முள் உண்டு, தோட்டத்தில் பாம்பும் உண்டு. பிள்ளை எட்டி நிற்கட்டும்.

பழைய ஜாம் போத்தல் இரண்டு போதும். ஒன்றில், மலர்ந்து முடிந்து வாடத் தொடங்கிய கதிரை, வண்டு ஒன்றுகூட இல்லாமல் உதறிவிட்டுப் போடுங்கள். மற்றதில் இன்னும் மலராத ஆண் பூவின் கதிர். இரண்டின் வாயையும் மெல்லிய துணியால் கட்டி நிழலில் வைத்து, தினமும் அவளே பார்த்து எழுதட்டும். ஒரு வாரம் ஒன்றுமே நடக்காமல் போகலாம். பூஞ்சை பிடித்தால் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள், ஆய்வுக்கூடங்களிலும் அப்படித்தான். எந்தப் போத்தலில் என்ன வரும் என்று இங்கே சொல்ல மாட்டேன். இதை அவளும் படிப்பாள் அல்லவா?

எந்த மொழியில் எழுதுவது என்று கேட்டுவிடாதீர்கள். அறிவியலைத் தமிழில் படிப்பதா ஆங்கிலத்தில் படிப்பதா என்று ஊரே சண்டை போடுகிறது. அவள் குறிப்பேட்டுக்கு அந்தச் சண்டை வேண்டாம், வாயில் எந்த மொழி வருகிறதோ அதில் எழுதட்டும்.

கோலாலம்பூருக்குப் பள்ளி விடுமுறையில் போய்வாருங்கள், நல்ல இடம்தான். அதற்கு முன் பக்கத்திலிருக்கும் கோல கங்சாருக்கு ஒரு நடை. 1877இல் வந்த ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னும் மரமாக அங்கே நிற்கிறது. மாமியாரையும் கூட்டிப் போங்கள். பால்வெட்டை ஏன் விடியுமுன்பே தொடங்குகிறார்கள் என்று மகள் கேட்டால், நீங்கள் குறுக்கே பேசாமல் அவரைப் பேச விடுங்கள்.

அன்புடன்.