பாலிப்பை மின்சாரம் வைத்து எடுக்கும்போது ஷாக் அடிக்காதா?

கொலோனோஸ்கோபியில் (பெருங்குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனை) பாலிப்பை, அதாவது குடலின் உட்சுவரில் வளரும் சதையை, மின்சாரத்தால் வெட்டுவார்கள் என்றதும் இந்தப் பயம் வருவது இயல்புதான். ஆனால் ஷாக் அடிக்காது. வீட்டு மின்சாரம் நொடிக்கு 100 அல்லது 120 முறை திசை மாறும். இந்தக் கருவியில் அது லட்சக்கணக்கான முறை. அந்த வேகத்துக்கு நரம்பும் தசையும் துடிக்காது, வெப்பம் மட்டுமே உண்டாகும்.

அந்த மின்சாரம் வெளியேறத்தான் தொடையில் ஒரு பட்டையை ஒட்டுவார்கள். பரப்பு பெரிதாக இருப்பதால் வெப்பம் பரவிவிடும். பாதி பிரிந்திருந்தால் மீதி இடத்தில் தோல் வெந்துபோகலாம். அதனால் முடி, தழும்பு, உள்ளே உலோகம் உள்ள இடங்களைத் தவிர்ப்பார்கள்.

நான் அதிகம் வலியுறுத்துவது குடல் சுத்தத்தை. மிச்சமிருக்கும் கழிவில் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜனும் மீத்தேனும் உண்டாக்கும். இரண்டும் தீப்பற்றும் வாயுக்கள். ஒரு பொறி பட்டுக் குடலுக்குள் வெடித்த நிகழ்வுகள் மிக அரிதாக நடந்திருக்கின்றன. அந்தப் பேதி மருந்தைத் தயவுசெய்து சொன்னபடி முழுக்கக் குடியுங்கள்.

அப்புறம், பேஸ்மேக்கர் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். இதய டிஃபிப்ரிலேட்டர் (துடிப்பு ஆபத்தாக மாறினால் மின் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்ய உடலுக்குள் பொருத்தும் கருவி) என்றால் இன்னும் முக்கியம்: வெட்டும் மின்சாரத்தை இதயத் துடிப்புக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு அது அதிர்ச்சி கொடுத்துவிடலாம். எனவே அது அதிர்ச்சி கொடுக்கும் வேலையைத் தற்காலிகமாக நிறுத்தி வைப்பார்கள்.

10 மி.மீ.க்குக் குறைவான பாலிப்புகளைப் பெரும்பாலும் மின்சாரமே இல்லாமல் கம்பி வளையத்தால் வெட்டிவிடலாம்.

வீடு திரும்பிய இரண்டு வாரத்துக்குள் மலத்தில் ரத்தம், கடும் வயிற்றுவலி, காய்ச்சல் என்று எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.