ஃபெஸ் கடைத்தெருவில் குடும்பத்தோடு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அக்டோபரில் மொராக்கோ போகிறோம். நானும் மனைவியும், ஆறும் பத்தும் வயதான பிள்ளைகள், எழுபது வயது அம்மா. ஃபெஸ் பழைய நகரத்துச் சந்தையில் வழி தவறாமல் சுற்ற முடியுமா? அம்மா நடப்பாரா? குங்குமப்பூ அங்கே வாங்கலாமா?

கு.

அன்புள்ள கு.,

வழி தவறத்தான் செய்யும். உயரமான சுவர்களுக்கு நடுவே கைபேசி வரைபடம் அடிக்கடி பக்கத்துச் சந்தில் உங்களைக் காட்டும். அதைவிடத் தரையின் சரிவை நம்பலாம். பாப் பூஜ்லூத் வாசல் மேட்டில் இருக்கிறது. அங்கிருந்து தலா கபீரா தெரு இறங்கி, அத்தாரீன் மசாலாக் கடைகளைத் தாண்டி, கரவிய்யீன் மசூதிப் பக்கம் சேரும். 859இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் மசூதி. முஸ்லிம் அல்லாதவர் வாசலில் நின்று பார்க்கலாம். இன்னும் கீழே செம்பு தட்டும் செஃபாரீன், பிறகு ர்சீஃப் சதுக்கம்.

ர்சீஃப் வரை கார் வரும். வந்த வழியே மேடேறித் திரும்பாதீர்கள், அம்மாவுக்கு அந்த ஏற்றம்தான் ஆகாது. அங்கேயே சிவப்பு டாக்ஸி பிடியுங்கள். ஒரு வண்டியில் மூன்று பேர்தான், பிள்ளைகளும் கணக்கில் உண்டு. ஆக உங்களுக்கு இரண்டு வண்டி. இரண்டிலும் பெரியவர் ஒருவராவது இருக்கட்டும், விடுதி முகவரியும் இருவரிடமும் இருக்கட்டும்.

சந்துகளில் சுமை ஏற்றிய கழுதைகளும் கோவேறு கழுதைகளும் வரும். "பாலக்!" என்று குரல் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் சுவரோரம் ஒதுங்குங்கள். பார்த்துவிட்டு ஒதுங்க நேரம் இருக்காது. சின்னவன் எப்போதும் சுவர்ப் பக்கம்.

"இந்த வழி அடைத்திருக்கு" என்று சொல்லி ஒரு பையன் முன்னால் நடந்தால், பெரும்பாலும் தோல் பதனிடும் ஷுவாராவுக்குத்தான் கூட்டிப்போவான், கடைசியில் காசு கேட்பான். போக விருப்பமென்றால் காலையில், வெயில் ஏறும் முன் போங்கள். தொட்டிகளில் சுண்ணாம்பும் புறா எச்சமும். எச்சத்தின் அம்மோனியாதான் தோலை மென்மையாக்குகிறது, நாற்றமும் அதனால்தான். தோல்கடை மாடியிலிருந்து பார்க்க வேண்டும். படிகள் செங்குத்து, அம்மா கீழேயே உட்காரட்டும். வெள்ளிக்கிழமை போகாதீர்கள், பாதிக் கடைக்கு மேல் மூடியிருக்கும்.

குங்குமப்பூவை இழையாகவே வாங்குங்கள். குளிர்ந்த தண்ணீரில் இரண்டு இழை போட்டுக் கால் மணி நேரம் வைத்தால், அசலில் தண்ணீர் மெல்லப் பொன்னிறமாகும், இழை சிவப்பாகவே நிற்கும். போட்ட உடனே தண்ணீர் சிவந்து இழை வெளுத்தால் அது சாயம். கடைக்காரர் தண்ணீர் தரத் தயங்கினால் அடுத்த கடை.